பூக்கடையில் உதவிய பெயர் தெரியாத அம்மையாருக்கு நன்றி

காதலிக்குப் பூங்கொத்து வாங்க வந்து, விலைப்பலகையைப் பார்த்தவுடன் திரும்பிவிட நினைத்த என்னிடம், கையில் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சிறிதும் ஏளனமின்றிக் கேட்டு, அதற்குள்ளேயே அழகான ஒரு கொத்தைக் கட்டித் தந்த பூக்கடை அம்மையாருக்கு என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 14-ஐ ஒட்டிச் சிவப்பு ரோஜாவின் தேவை கூடுவதால் விலையும் ஏறிவிடும் என்றும், வாடத் தொடங்கிய 12 ரோஜாக்களை வாங்குவதைவிடப் புதிதாக வந்த ஒன்றை நடுவில் வைத்து, சுற்றிலும் கார்னேஷனும் சாமந்தியும் சேர்ப்பதே மேல் என்றும் அவர் விளக்கினார். முறையாகப் பராமரித்தால் கார்னேஷன் இரண்டு வாரம் வரைகூட வாடாமல் இருக்கும். ஒரே காம்பில் பல பூக்கள் கிளைக்கும் வகையைத் தேர்ந்தெடுத்தால் சில காம்புகளிலேயே கொத்து நிறைந்துவிடுகிறது (விற்பவரே இதைச் சொல்வது அரிது).

காம்பின் நுனியைச் சாய்வாக வெட்டி, நீரில் மூழ்கும் இலைகளை அகற்றி, தண்ணீரை இரண்டு நாளுக்கொரு முறை மாற்றும்படியும், பழுக்கும் பழங்கள் வெளிவிடும் எத்திலீன் வாயு கார்னேஷனை விரைவில் வாடச் செய்யும் என்பதால் பழக்கூடைக்கு அருகே வைக்க வேண்டாம் என்றும் கூறினார். பளபளக்கும் உறைக்குத் தனிக் கட்டணம் என்பதால் பழுப்புத் தாளில் சுற்றி நாடா கட்டினார். என் கண்ணுக்கு அதுவே கூடுதல் நேர்த்தியாகத் தெரிந்தது.

பூவைப் பெற்றுக்கொண்டவர் காம்புகளை எண்ணவில்லை. இதைக் கட்டியவர் யார் என்றுதான் கேட்டார். அம்மையாரே, அவருடைய நன்றியும் உங்களுக்கே உரியது.