பனிமலைக்குப் போகும் டர்பன் வண்டிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிகளின் குளிர்கால விடுமுறையில் நம் தென்னாப்பிரிக்காவின் அண்டை நாடான லெசோத்தோவின் மலைக்குப் போய்ப் பனிச்சறுக்கு பார்த்துவரலாம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். எங்கே தங்குவது, என்ன உடுத்துவது எல்லாம் இருந்தது. நம்மைச் சுமந்துபோகும் வண்டியைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. குழந்தை குட்டிகளோடு போகிறவர்கள் நடுமலையில் தவிக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆக்ஸ்போ என்ற ஊரைத் தாண்டியிருக்கும் ஆஃப்ரிஸ்கி பனிச்சறுக்கு மையம், கடல் மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. நமக்குக் குளிர்காலமான ஜூலையில் இரவில் கடலோர டர்பன் 10 டிகிரியை ஒட்டி நிற்கும்போது அங்கே மைனஸ் 10 வரை இறங்கும். இங்கே ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்பிவிடுகிறோம். கடற்கரையில் அது செல்லும். மலையில் அதே தண்ணீர் இரவில் உறைந்து, கிட்டத்தட்ட 9 விழுக்காடு விரிந்து, ரேடியேட்டரையோ என்ஜின் பிளாக்கையோ பிளந்துவிடும். விடிந்து பனிக்கட்டி உருகி ஒழுகும்போதுதான் விஷயமே தெரியவரும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே பழைய தண்ணீரை முழுவதும் வடிக்கச் சொல்லுங்கள். எத்திலீன் கிளைகால் கூலன்ட்டும் (தண்ணீரை உறையவிடாத ரேடியேட்டர் திரவம்) காய்ச்சி வடித்த நீரும் சரிபாதியாகக் கலந்து ஊற்றினால் மைனஸ் 35 வரை பயமில்லை. ஊற்றியபின் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் ஹீட்டர் குழாயில் பழைய தண்ணீர் அப்படியே தங்கிவிடும். கண்ணாடி கழுவும் தொட்டியிலும் வெறும் தண்ணீர் வேண்டாம்.

டீசல் வண்டிக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகு திரண்டு ஃபில்டரை அடைக்கும். வண்டி கிளம்பி இரண்டு நிமிடத்தில் நின்றுபோகும். டர்பனிலேயே டாங்கியை நிரப்பிக்கொண்டு போகாமல், குறைவாக இருக்கும்படி போய், வழியில் மேட்டு நிலத்தில் உள்ள பெத்லஹேம் ஊரிலோ, எல்லை தாண்டியதும் வரும் புத்தா-புத்தேயிலோ குளிருக்கேற்ற டீசலாகக் கேட்டு நிரப்பிக்கொள்ளுங்கள்.

இரவில் ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டுப் போனால் காலையில் அது உறைந்து பிடித்துக்கொள்ளும். முதல் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். வைப்பரைத் தூக்கி நிறுத்துங்கள். கண்ணாடியில் படிந்த உறைபனிமேல் வெந்நீர் ஊற்றவே கூடாது, விரிசல் விடும்.

லெசோத்தோவுக்குள் நுழையும் கேலிடன்ஸ்போர்ட் எல்லைச் சாவடியிலிருந்து மேலேறும் சாலை தார்ச்சாலைதான். ஆனால் 2,820 மீட்டரில் மொட்டெங் கணவாயும் 3,222 மீட்டரில் மஹ்லசேலா கணவாயும் இருக்கின்றன. பூமியின் நம் தென்பாதியில் குளிர்காலச் சூரியன் வடக்கே நிற்பதால் தெற்கு நோக்கிய வளைவுகளில் பகல் முழுக்க நிழல். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பனிக்கட்டி அங்கேதான் படிந்திருக்கும். காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் மூன்றுக்குள் கணவாய்களைக் கடந்துவிடுங்கள். இறக்கத்தில் இரண்டாம் கியர் போதும். பிரேக்கை அழுத்தினால் சறுக்கும். டர்போ (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத என்ஜின், காற்று மெலிந்த அந்த உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வலுவை இழந்துவிடும், ஆகவே ஏழு பேரையும் மூட்டைகளையும் ஏற்றிய சின்ன வண்டி ஏறாமல் திணறும். பனியில் வழுக்காமலிருக்க டயரில் மாட்டும் சங்கிலியை, வண்டியை இழுக்கும் சக்கரங்களில்தான் மாட்ட வேண்டும். பெரும்பாலான சின்னக் கார்களில் அவை முன்சக்கரங்கள். நூறு மீட்டர் ஓட்டிவிட்டு இறங்கி மறுபடி இறுக்குங்கள்.

பனி லெசோத்தோ மலையில் மட்டும் பெய்யும் என்று நம்பவும் வேண்டாம். 2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாய்ப் பக்கம், டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் போகும் என்3 நெடுஞ்சாலையே மூடப்பட்டு ஏராளமான வண்டிகள் இரவெல்லாம் நின்றன. அப்படி மாட்டிக்கொண்டால் முதலில் இறங்கி சைலன்சர் வாயை அடைத்த பனியைத் தள்ளுங்கள். அதன்பிறகே என்ஜினைப் போடலாம், அதுவும் மணிக்குப் பத்து நிமிடம், ஒரு ஜன்னலை விரல் அளவு திறந்துவைத்து. அடைபட்ட புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்கும் குழந்தை எழுந்திருக்காது.

சாப்பாடு பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பானையில் பருப்பு மணிக்கணக்கில் கிடந்தாலும் மசியாது. பிரஷர் குக்கர் எடுத்துப்போங்கள், அல்லது பருப்பை வீட்டிலேயே வேகவைத்துவிடுங்கள். கடல் மட்டத்திலிருந்து ஒரே மூச்சில் ஏறினால் தலைவலியும் குமட்டலும் வரும். முதல் இரவு எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ள கிளாரன்ஸ் ஊரில் தங்குவது நல்லது. வாந்தியோடு நடை தள்ளாடினால் மாத்திரை தேடாமல் கீழே இறங்கிவிட வேண்டும்.

அங்கே குளிர்காலம் வறண்ட காலம். சறுக்குப் பாதையில் கிடப்பதில் பெரும்பகுதி இரவில் இயந்திரம் தூவிய பனி. சுற்றிலும் பழுப்புப் புல், நடுவே ஒரு வெள்ளைப் பட்டை, அவ்வளவுதான் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வண்டி வங்கிக் கடனில் இருந்தால் எல்லை தாண்ட வங்கியின் அனுமதிக் கடிதம் வேண்டும். இதையும் கூலன்ட் விஷயத்தையும் விடுமுறைக்கு முந்தைய இதழில் கட்டம் கட்டி வெளியிட்டால் பலருக்கு உதவும்.

இப்படிக்கு,
ஒரு வண்டி மெக்கானிக்,
சாட்ஸ்வர்த், டர்பன்