ஏழும் ஐந்தும் பன்னிரண்டுதான்

அன்புள்ள கண்ணு,

நேற்று போனில் பேச்சு பாதியில் அறுந்துவிட்டது. சிக்னலை நம்பிப் பயனில்லை என்று எழுத உட்கார்ந்தேன்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தடுமாறுவது கணத்தாக்குச் சூத்திரத்தில் இல்லை, திசையில்தான். உந்தம், அதாவது நிறையைத் திசைவேகத்தால் பெருக்கியது, எவ்வளவு மாறியது என்பதுதானே கணத்தாக்கு. விநாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் கீழே வந்த பந்து 5 மீட்டர் வேகத்தில் மேலே போனால் மாற்றம் 2 என்று எழுதிவிடுகிறார்கள். "குறைஞ்சது 2 தானே மிஸ், 12 எப்படி?" என்று உன்னிடம் கேட்டானே ஒரு பையன், அவனை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. குறியைப் பார்த்துக் கூட்டு என்று மட்டும் சொல்லி அவனை உட்காரவைத்துவிடாதே.

அவனிடம் தரையைப் பற்றிப் பேசு. தரைக்கு அங்கே இரண்டு வேலை. வந்த பந்தை நிறுத்த வேண்டும், நின்ற பந்தை மறுபடி மேலே எறிய வேண்டும். டென்னிஸ் பந்தையே எடுத்துக்கொள். 254 செ.மீ. உயரத்திலிருந்து போட்டால் ஏறக்குறைய 140 செ.மீ. எழும்ப வேண்டும், பந்தின் தரத்தை அப்படித்தான் சோதிக்கிறார்கள். நிறை 58 கிராம். தரையைத் தொடும்போது வேகம் 7.06, கிளம்பும்போது 5.24. நிறையோடு பெருக்கினால், நிறுத்த வேண்டிய கணத்தாக்கு 0.41 நியூட்டன் விநாடி, எறிய 0.30. மொத்தம் 0.71. அதே நிறையுள்ள ஈரக் களிமண் உருண்டை தரையில் அப்பிக்கொண்டால் 0.41-ஓடு கணக்கு முடிந்தது.

பந்து தரையில் இருப்பது சுமார் 5 மில்லி விநாடிதான். 0.71-ஐ அதால் வகுத்தால் சராசரி விசை 140 நியூட்டனுக்கு மேல் வருகிறது. பந்தின் எடையைப் போல 250 மடங்கு! இந்த இடத்தில் பிள்ளைகள் முகத்தைப் பார், எனக்காக.

பைக்காரா மின்நிலையத்தில் நான் வேலை பார்த்ததெல்லாம் இந்தக் கணக்கின் மேல்தான். 1932-இல் தொடங்கிய நிலையம் அது. அங்கே ஓடுவது பெல்டன் சக்கரம், தண்ணீர் அடித்துச் சுழலும் டர்பைன். மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும் இடத்தில் தட்டையான பலகை இருந்தால் தண்ணீர் பக்கவாட்டில் சிதறிப்போகும், அதன் முன்னோக்கிய உந்தம் நின்றுபோகும், அவ்வளவுதான். அமெரிக்காவில் லெஸ்டர் பெல்டன் 1880-இல் காப்புரிமை பெற்ற சக்கரத்தில் ஒவ்வொரு பக்கெட்டும் நடுவே ஒரு முகடு வைத்த இரட்டைக் கிண்ணம். முகடு தண்ணீரை இரண்டாகப் பிளக்கிறது, கிண்ணத்தின் வளைவு அதை வந்த வழியே திருப்பிவிடுகிறது. கணத்தாக்கு கிட்டத்தட்ட இரு மடங்கு. முழுதாக 180 பாகையும் திருப்புவதில்லை, 165 போலத்தான். இல்லாவிட்டால் திரும்பும் தண்ணீர் பின்னால் வரும் பக்கெட்டின் முதுகில் அடிக்கும். எத்தனை வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தாலும் அந்த வளைவு எனக்கு அலுத்ததே இல்லை.

ஆக, வகுப்புக்கு ஒரு சோதனை. ஒரு மரக்கட்டையைச் செங்குத்தாக நிறுத்து. ரப்பர் பந்து ஒன்று, அதே எடைக்கு மாவு உருண்டை ஒன்று, இரண்டையும் ஒரே நீள நூலில் கட்டித் தொங்கவிடு. ஒரே உயரத்திலிருந்து விட்டு, இரண்டும் கட்டையின் மேல்பக்கத்தில் மோதட்டும். மாவு உருண்டை கட்டையைச் சாய்க்காத உயரத்தை முதலில் கண்டுபிடி, பிறகு அதே உயரத்திலிருந்து பந்தை விடு. விடுவதற்கு முன் எது சாய்க்கும் என்று அந்தப் பையனிடம் கேள். மைதா மாவை இறுகப் பிசைந்துகொள், தராசில் எடையைச் சரிபார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா