சுருளிப்பட்டி அண்ணனுக்கு, கேப் டவுனிலிருந்து

கேப் டவுன்,
மார்ச் மாதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? இந்த முறை பழத்துக்கு என்ன விலை கிடைத்தது என்று நீங்கள் எழுதவே இல்லை.

நான் இங்கே குடிக்கத் தொடங்கிவிட்டதாக யாரோ சொல்லப்போய், அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அண்ணி சொன்னார். குடியால் மாமாவைப் பறிகொடுத்த வீடு நம்முடையது. அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதனால் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன். மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, நண்பர்கள் சிலர் யாராவது ஒருவர் வீட்டில் கூடி, சிவப்பு ஒயின்களைச் சுவைத்துப் பார்க்கிறோம். திராட்சையோடு வாழ்கிறவர் என்பதால் உங்களுக்கு இது புரியும்.

பாட்டில்களைக் காகிதப் பையில் சுற்றி எண் போட்டு வைப்போம். பெயரும் விலையும் தெரிந்துவிட்டால் நாக்கு அவற்றின் பேச்சைத்தான் கேட்கும். கோப்பையில் மூன்றில் ஒரு பங்குகூட ஊற்றுவதில்லை. வெள்ளைத் துணிக்கு மேல் சாய்த்துப் பிடித்து விளிம்பைப் பார்ப்போம்: இளசு என்றால் ஊதா கலந்த சிவப்பு, வயதானால் செங்கல் நிறம். பிறகு சுழற்றி முகர்வது. அதற்குத்தான் அதிக நேரம். கடைசியில் ஒரு மடக்கு. ஈறும் கன்னத்தின் உட்புறமும் செங்காய் நாவற்பழம் தின்றதுபோல வறண்டு இழுக்கும். தோலிலும் விதையிலும் இருந்து வரும் துவர்ப்பு அது. துப்புவதற்குத் தனிக் குவளை உண்டு. வண்டி ஓட்டிப் போக வேண்டியவர் கட்டாயம் துப்பிவிடுவார்.

நம் பன்னீர்த் திராட்சையைப் பிதுக்கினால் தோல்தான் கறுப்பு, சாறு வெளிறியிருக்கும் அல்லவா? இங்கும் அப்படியே. தோலோடு சேர்த்துப் புளிக்க வைப்பதால்தான் சிவப்பு ஏறுகிறது. ஆனால் இங்கே பந்தல் கிடையாது; கம்பியில் படரவிடுகிறார்கள், அல்லது குத்துச்செடியாக வளர்க்கிறார்கள். ஆண்டுக்கு ஒரே அறுவடை. இப்போது அந்தப் பருவம்தான். குளிர்காலத்தில் கொடி இலையுதிர்த்து உறங்கிவிடும். கம்பம் பள்ளத்தாக்கில் கவாத்து செய்தால் அதே ஆண்டில் மறுபடி காய்க்கும் என்று நான் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை!

சென்ற முறை கூடியது, டர்பனிலிருந்து வந்து இங்கே குடியேறிய தமிழ் நண்பர் வீட்டில். 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளை டர்பனில் இறக்கியது. அதன்பின் வந்த கப்பல் ஒன்றில் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள் அவருடைய முன்னோர். அவருக்குத் தமிழ் பேச வராது. ஆனால் புரட்டாசி முழுவதும் அசைவத்தையும் மதுவையும் தொடமாட்டார். அந்த மாதம் எங்கள் கூட்டமே இல்லை. இதை அம்மாவிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அவர் மனைவி முழு மைசூர்ப் பருப்பு போட்ட டர்பன் பிரியாணி செய்திருந்தார். துவர்ப்பு மிகுந்த காபர்னே என்ற ஒயின் அதோடு சேரவே இல்லை, காரம் இன்னும் எரிந்தது. சின்சோ என்ற மெல்லிய ஒயின் அழகாக ஒத்துப்போனது. காபர்னேக்குக் கரியில் சுட்ட ஆட்டிறைச்சிதான் சரி. கொழுப்பும் உப்பும் துவர்ப்பை அடக்கிவிடும்.

எனக்குப் பிடித்தது பினோடாஜ். 1925-இல் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெரோல்டு, பினோ நுவார், சின்சோ என்ற இரண்டு திராட்சை ரகங்களை மகரந்தக் கலப்பு செய்து உருவாக்கிய இந்த மண்ணின் ரகம். வீட்டுத் தோட்டத்தில் நான்கு நாற்றுகளை நட்டுவிட்டு அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். புதர் மண்டிய தோட்டத்தைச் சுத்தம் செய்ய ஆட்கள் வந்தபோது, நீஹாஸ் என்ற இளம் விரிவுரையாளர் அவற்றைக் காப்பாற்றினார். அன்று அவர் அந்த வழியாக வந்திராவிட்டால் இந்த ஒயினே இல்லை.

வருத்தமான ஒன்றையும் எழுத வேண்டும். இந்தத் தோட்டங்களை முதலில் உழைத்து உருவாக்கியவர்கள் அடிமைகள். அடிமை முறை ஒழிந்த பிறகும் கூலியின் ஒரு பகுதியாக ஒயினையே ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக நடந்தது. சட்டம் தடுத்த பின்னும் அது எளிதில் ஒழியவில்லை. எத்தனையோ குடும்பங்களைக் குடி தின்றுவிட்டது. நண்பர்கள் இதைச் சொன்ன அன்று எனக்கு மாமாவின் நினைவாகவே இருந்தது. நாங்கள் நிதானம் தவறாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கே 35 வயதைக் கடந்த கொடிகளுக்குத் தனி மதிப்பு. காய்ப்பு குறைவு, ஆனால் சாறு செறிவானது என்கிறார்கள். அப்படிப்பட்ட தோட்டங்களுக்குச் சான்று கொடுக்கிறார்கள்; பாட்டிலில் ஒட்டும் முத்திரையில் கொடி நட்ட ஆண்டும் இருக்கும். அப்பா நட்ட வடக்கு மூலைப் பந்தலைப் பற்றி நான் பேசியதும் எந்த ஆண்டு நட்டது என்று எல்லாரும் கேட்டார்கள். அப்பாவின் கணக்கு நோட்டில் இருக்கும், பார்த்து எழுதுங்கள். அந்தப் பந்தலைப் பிரித்துவிடப் போவதாகச் சொன்னீர்களே, ஒரு வரிசையையாவது விட்டுவையுங்கள் அண்ணா. அதனால் வரும் நட்டத்தை நான் அனுப்பிவிடுகிறேன்.

பாப்பாவின் கல்லூரிக் கட்டணம் அடுத்த வாரம் வந்து சேரும். அண்ணிக்கு என் வணக்கம்.

உங்கள் அன்புத் தம்பி