ஞாயிறு கூட்டம்: அரசோடு உட்கார்ந்து பேசும் உரிமை

வணக்கம் தோழர்களே. ஞாயிறு காலை 10 மணிக்குப் பாலக்காடு மாவட்டச் சித்தூரில், வழக்கமான இடத்தில் கூடுகிறோம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து ஆட்கள் சேர்ந்து வந்துவிடுங்கள்.

பேச வேண்டியது ஒன்றே ஒன்று. சம்பளம், பணிநிலை பற்றி அரசோடு சமமாக உட்கார்ந்து பேசும் உரிமை அரசு ஊழியர்களான நமக்கு வேண்டும். சங்கம் வைக்க அரசியலமைப்பு 19(1)(சி) இடம் தருகிறது, சரி. ஆனால் வேலைநிறுத்தம் அரசு ஊழியருக்கு உரிமையே அல்ல என்று 2003 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு முந்தைய மாதம்தான் தமிழ்நாட்டில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை வேலையைவிட்டு நீக்கினார்கள். பொள்ளாச்சியில் சொந்தபந்தம் உள்ளவர்களுக்கு அந்த ஜூலை மறந்திருக்காது. கூட்டுப்பேரம், அதாவது ஊழியர்கள் சங்கமாகச் சேர்ந்து சம்பளம், பணிநிலை பேசி முடிப்பது, பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் (ஐஎல்ஓ) 98ஆம் உடன்படிக்கையில் இந்தியா இன்னும் சேரவில்லை.

நாம் கொடுத்த மனுவின் நகலை நேற்று எடுத்துப் பார்த்தேன். மேலே ஊதா முத்திரை, ஓரத்தில் ஒரு சுருக்கொப்பம். அதுதான் நமக்குக் கிடைத்த பதில். மனு வாங்கிக்கொள்வது பேச்சுவார்த்தை ஆகாது, தோழர்களே.

புது மனுவை மலையாளத்தில் எழுத ஒரு மாஷ் (ஆசிரியர்) ஒப்புக்கொண்டிருக்கிறார். தமிழ்ப் பிரதியும் கட்டாயம் வேண்டும். அப்புறம், பழைய நகல் வைத்திருப்பவர்கள் மறக்காமல் கொண்டு வாருங்கள். வர முடியாதவர்கள் சனி இரவுக்குள் இங்கேயே சொல்லிவிடுங்கள்.