நீக்குவதற்கு முன் பெயரை மாற்றுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுப்பிப்புக்குப் பிறகு பிடிஎஃப் வாசிப்பான் திறந்த வேகத்திலேயே மூடிக்கொள்கிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பகுதியில் அதற்குச் சுருக்கமாகப் பதில் வந்திருந்தது: மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள், மிச்சமிருக்கும் கோப்புறைகளையும் அழித்துவிடுங்கள். இந்தப் பதிலின் முற்பாதி பல நேரங்களில் பலன் தராது. பிற்பாதி, கைப்பொருளை இழக்கச் செய்துவிடும். புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். விடிந்தது முதல் விளக்கணைக்கும் வரை பிடிஎஃப் கோப்புகளோடுதான் இருக்கிறேன். அதனால் இதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

ஒரு மென்பொருளை நீக்கும்போது போவது நிரல் மட்டும்தான். நாம் அதைப் பயன்படுத்தியதன் அடையாளங்கள் பெரும்பாலும் அப்படியே தங்கிவிடுகின்றன. விண்டோஸில் பயனர் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் 'ஆப்டேட்டா'வில் அவை இருக்கும். மேக் கணினியில் 'லைப்ரரி'க்குள் இருக்கும். லினக்ஸில், பெயர் புள்ளியில் தொடங்குவதால் கண்ணுக்குத் தெரியாத கோப்புறைகளில் இருக்கும். கடைசியாகத் திறந்த கோப்புகளின் பட்டியல், சாளரத்தின் அளவு, பக்கங்களின் சிறுபடங்கள், கையொப்பப் படம், பக்கங்களில் பதிப்பதற்கு நாமே செய்துவைத்த முத்திரைகள் என்று பலவும் அங்கே சேர்ந்துகொண்டே வருகின்றன. பழைய பதிப்பு இவற்றைத் தன் முறையில் எழுதி வைத்திருக்கிறது. புதிய பதிப்பு எழுந்ததும் முதலில் இவற்றைத்தான் படிக்கிறது. படிக்கும்போது தான் எதிர்பாராத ஒன்றைக் கண்டு இடறினால், சாளரம் தோன்றுவதற்குள் கதை முடிந்துவிடுகிறது. நூறு முறை நீக்கி நூறு முறை நிறுவினாலும் அதே கோப்புறை அதே இடத்தில் காத்துக்கொண்டுதான் இருக்கும்.

எனக்கு நேர்ந்ததும் இதுவே. அச்சுக்குப் போகவேண்டிய ஒரு நூலின் இறுதி மெய்ப்பு கையில் இருந்தபோது, நான் பயன்படுத்தும் வாசிப்பான் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. அதன் பிறகு எந்தக் கோப்பைத் திறந்தாலும் முதல் பக்கம் தெரியும். இடப்பக்கத்துப் பட்டையில் பக்கங்களின் சிறுபடங்கள் மேலிருந்து ஒவ்வொன்றாக வரையப்படத் தொடங்கும். மூன்றாவதோ நான்காவதோ பாதி வெள்ளையாக நிற்கும்போதே சாளரம் மறைந்துவிடும். பிழைச் செய்தி என்று ஒரு வரிகூட வராது. பார்க்க வந்த தொழில்நுட்பர் தங்கள் பகுதியில் சொன்னபடியே நீக்கிவிட்டு மறுபடி நிறுவினார். பலனில்லை. அடுத்து, துடைத்தெடுக்கும் கருவி ஒன்றை ஓட்டி மிச்சத்தையெல்லாம் அழிக்கப் போனார். நான் தடுத்துவிட்டேன். 'பத்தி பிரிக்கவும்', 'ஒற்று மிகாது', 'மூலத்தோடு ஒப்பிடவும்' என்று பல ஆண்டுகளாகச் செய்து சேர்த்த முத்திரைகள் அந்தக் கோப்புறையில்தான் இருந்தன. அவை போனால் என் கைப்பழக்கமே போனது போல்தான்.

அழிப்பதற்குப் பதிலாக அந்தக் கோப்புறையின் பெயரை மாற்றினோம். பெயருக்குப் பின்னால் 'பழையது' என்று ஒரு சொல், அவ்வளவுதான். வாசிப்பான் அடுத்த முறை திறந்தபோது தன் கோப்புறையைக் காணாமல் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொண்டது, மூடிக்கொள்ளவும் இல்லை. பிறகு பழைய கோப்புறையில் இருந்தவற்றில் பாதியைப் புதியதற்குள் கொண்டுவந்து வைத்துப் பார்த்தோம். நன்றாக ஓடியது. மீதியில் பாதியை வைத்தோம். மறுபடி விழுந்தது. இப்படிப் பாதிபாதியாகக் குறுக்கிக்கொண்டே வந்ததில், பழைய பதிப்பு சேமித்துவைத்த சிறுபடத் தொகுப்புதான் குற்றவாளி என்று பிடிபட்டது. அதை மட்டும் விலக்கினோம். முத்திரைகள் எல்லாம் திரும்பக் கிடைத்தன.

இதைச் செய்யும்போது வாசிப்பான் முழுவதும் மூடியிருக்க வேண்டும். சில மென்பொருள்கள் சாளரம் மறைந்த பிறகும் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் பெயரை மாற்ற விடாது, அல்லது மாற்றியதைத் தன் போக்கில் மறுபடி எழுதிவிடும். ஓடும் நிரல்களைக் காட்டும் பணி மேலாளரில் ஒரு முறை பார்த்து உறுதிசெய்துகொள்வது நல்லது. இன்னொன்று: சில வாசிப்பான்கள் ஓரக்குறிப்புகளைப் பிடிஎஃப் கோப்பினுள் எழுதாமல் தம் சொந்தக் கோப்புறையில் வைத்துக்கொள்வது உண்டு. ஓர் ஆய்வு மாணவர் இரண்டு ஆண்டுகளாக எழுதிவந்த குறிப்புகள் அப்படி ஒரு கோப்புறையில் இருந்தால், 'மிச்சத்தை அழித்துவிடுங்கள்' என்ற ஒரு வரி அவரை என்ன பாடு படுத்தும்? அந்தப் பதிலை எழுதியவர் இதை ஒரு கணம் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

எல்லாச் சிக்கலுக்கும், மென்பொருள் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் இந்த அமைப்புக் கோப்புறைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. நிரல் விழுகிறதா, ஒரு குறிப்பிட்ட கோப்பு அதை விழவைக்கிறதா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். கோப்பின் மீது சொடுக்காமல் வாசிப்பானை மட்டும் வெறுமையாகத் திறந்து பார்க்கலாம். ஆனால், முன்பு திறந்திருந்த கோப்புகளைத் தானாகவே மீண்டும் திறக்கும் பழக்கம் சிலவற்றுக்கு உண்டு. அப்போது வெறுமையாகத் திறந்ததாக நாம் நினைத்திருப்போம். உள்ளே அதே சிக்கலான கோப்புதான் வந்து நிற்கும். அந்தக் கோப்பைத் தற்காலிகமாக வேறிடத்துக்கு நகர்த்திவிட்டுத் திறந்தால் உண்மை தெரிந்துவிடும்.

கோப்பின் மேல் சந்தேகம் வந்தால் அதை இன்னொரு மென்பொருளில் திறந்து பார்க்கச் சொல்வார்கள். சரியான யோசனைதான். ஆனால், அந்த இன்னொன்று உண்மையிலேயே வேறானதாக இருக்க வேண்டும். பிடிஎஃப் வடிவத்தை அடோபி நிறுவனம் 1993-இல் வெளியிட்டது. 2008-இல் அது ஐஎஸ்ஓ 32000 என்ற பொதுத் தரமானது. அதனால் வாசிப்பான்கள் பல இருக்கின்றன. அவற்றின் வேர்களோ சிலவே. லினக்ஸில் பலரும் பயன்படுத்தும் எவின்ஸ், ஓகுலர் இரண்டும் பிடிஎஃப் பக்கத்தை வரைவதற்கு 'பாப்ளர்' என்ற ஒரே நிரல் தொகுப்பைத்தான் நம்பியிருக்கின்றன. பாப்ளர் கெட்டால் இரண்டும் விழும். நாம் கோப்பைக் குறை சொல்வோம். ஒரே கிணற்றில் இறைத்த இரண்டு குடத்து நீரைச் சுவைத்து ஊர் நீரே உப்பு என்று சொல்வது போன்றது அது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் 2013 முதல் உள்ள பிடிஎஃப் காட்டும் வசதி வேறு வம்சம். குரோம் உலாவியில் இருப்பது இன்னொரு வம்சம். மியூபிடிஎஃப் என்ற வாசிப்பான் மற்றுமொன்று. இவற்றில் ஒன்றில் திறந்து பார்த்தால்தான் சாட்சி செல்லும்.

நேற்று வரை திறந்த கோப்பு இன்று எப்படிக் கெட்டிருக்கும் என்று கேட்கலாம். அது முன்பே கெட்டிருக்கக்கூடும். பிடிஎஃப் கோப்பில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்ற அட்டவணைக்கு வழிகாட்டும் குறிப்பு கோப்பின் வால்பகுதியில் இருக்கும். வாசிப்பான் அங்கிருந்துதான் படிக்கத் தொடங்கும். பதிவிறக்கம் முழுமை பெறாமல் அறுந்த கோப்பில் வால் இருக்காது. பல வாசிப்பான்கள் அதைப் பொறுத்துக்கொண்டு, கோப்பை முதலிலிருந்து துழாவித் தாமே அட்டவணை தயாரித்துக்கொள்ளும். புதுப்பிப்பில் அந்தப் பகுதியை மாற்றி எழுதியிருந்தால், இதுவரை கிடைத்த சலுகை நின்றுபோகும். முதல் வேலையாக மூலத்தில் உள்ள அளவோடு நம் கோப்பின் அளவை ஒப்பிட்டு, குறைந்திருந்தால் மீண்டும் பதிவிறக்க வேண்டும். கியூபிடிஎஃப் என்ற இலவசக் கருவி கோப்பின் உள்கட்டமைப்பைச் சோதித்துச் சொல்லும். வேறு மென்பொருளில் திறந்து புதிய பிடிஎஃப் ஆக அச்சிட்டுக்கொள்வதும் ஒரு வழி. ஆனால், அப்படிச் செய்தால் ஓரக்குறிப்புகள் வெறும் படமாக ஒட்டிக்கொள்ளும் அல்லது காணாமல் போகும். இணைப்புகளும் படிவக் கட்டங்களும் செயலிழக்கும். மெய்ப்புக்கு அது உதவாது. படித்தால் மட்டும் போதும் என்பவர்களுக்கு உதவும்.

கோப்பும் நன்றாக இருக்கிறது, அமைப்புக் கோப்புறையும் நன்றாக இருக்கிறது என்றால், பழியை எந்தப் புதுப்பிப்பின் மேல் போடுவது என்று யோசிக்க வேண்டும். விண்டோஸில் 'ரிலையபிலிட்டி மானிட்டர்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதன் அருமை பலருக்குத் தெரியவில்லை. தேதிவாரியாகக் கட்டங்கள் இருக்கும். எந்த நாளில் எந்த மென்பொருள் விழுந்தது என்பது சிவப்புக் குறியாகத் தெரியும். அதே நாளில் நிறுவப்பட்ட புதுப்பிப்புகளும் கீழே வரிசையாக இருக்கும். வாசிப்பானின் புதுப்பிப்புதான் காரணம் என்று நாம் நம்பிக்கொண்டிருக்க, அதே இரவில் வரைகலை இயக்கியும் (திரையில் படம் வரையும் வன்பொருளை இயக்கும் நிரல்) மாறியிருப்பது அங்கே தெரியவரலாம். 'ஈவென்ட் வியூவர்' இன்னும் ஒருபடி மேலே போய், எந்தக் கூறில் பிழை நேர்ந்தது என்று அதன் பெயரையே தரும். அந்தப் பெயர் வரைகலை இயக்கியுடையதாக இருந்தால், வாசிப்பானின் அமைப்புகளில், பக்கங்களை வரைய அந்த வன்பொருளைப் பயன்படுத்தும் வன்பொருள் முடுக்கத்தை நிறுத்திப் பார்க்கலாம். வாசிப்பானோடு சேர்த்துக்கொண்ட வேறொரு நிறுவனத்தின் இணைப்புக்கூறாக இருந்தால் அதை மட்டும் விலக்கினால் போதும். இந்த ஒரு வரியைப் படிக்காமல் மென்பொருளை நீக்குகிறவர் எதையும் கண்டறிவதில்லை, ஊகிக்கிறார்.

கோப்பால் கணினிக்குத் தீங்கு நேராமல் வாசிப்பானை அடைத்துவைக்கும் பாதுகாப்புப் பயன்முறையை அணைத்துவிடுங்கள், புதுப்பிப்பையே நிறுத்திவிடுங்கள் என்ற ஆலோசனைகளும் புழக்கத்தில் உள்ளன. சோதனைக்காக ஒரு முறை அணைத்துப் பார்த்துவிட்டு உடனே போட்டுவிடுவது வேறு; அப்படியே விட்டுவிடுவது வேறு. பழைய பதிப்புக்குத் திரும்பி அவசர வேலையை முடித்துக்கொள்வதிலும் தவறில்லை. அதிலேயே தங்கிவிடக் கூடாது. ஸ்கேன் செய்த கறுப்பு வெள்ளைப் பக்கங்களைச் சுருக்குவதற்கு ஜேபிக்2 என்று ஒரு முறை உண்டு. அதை விரிக்கும் நிரலில் இருந்த ஓட்டையின் வழியாக, உரியவர் எதையும் தொடாமலேயே ஐபோன்களுக்குள் உளவு மென்பொருள் நுழைந்தது 2021-இல் அம்பலமானது. வந்தது பிடிஎஃப் கோப்பு. பூண்டிருந்தது ஜிஃப் படத்தின் வேடம். அந்த ஓட்டையை அடைத்தது ஒரு புதுப்பிப்புதான். பழைய நூல்களின் ஸ்கேன் பிரதிகளை எங்கெங்கிருந்தோ பெற்றுத் திறக்கும் என்னைப் போன்றவர்கள் புதுப்பிப்பு இல்லாமல் இருப்பது பெரும் ஆபத்து.

மென்பொருள் தயாரிப்பாளர்களிடம் எனக்கு உண்மையான கோபம் இருக்கிறது. கோப்பு கெட்டிருந்தால் கெட்டிருக்கிறது என்று சொல்லட்டும். பழைய அமைப்புகளைப் படிக்க முடியவில்லை என்றால் அவற்றை ஒதுக்கிவைத்துவிட்டுத் திறக்கட்டும். வாய் திறவாமல் மறைவதற்கு எந்த மென்பொருளுக்கும் உரிமையில்லை. புதுப்பிப்புக் குறிப்பில் 'பிழைகள் களையப்பட்டன' என்ற இரண்டு சொற்களுக்கு மேல் எழுத மனமில்லாதவர்கள், முந்தைய பதிப்பையாவது பதிவிறக்கப் பக்கத்தில் விட்டுவைக்க வேண்டும். பயனர்களாகிய நமக்கும் ஒரு பங்கு உண்டு. பிழையை எழுதி அனுப்பும்போது பதிப்பு எண், இயங்குதளம், எந்தச் செயலின்போது விழுகிறது என்பவற்றோடு கோப்பையும் அனுப்பினால்தான் அவர்களால் எதையாவது செய்ய முடியும். வெளிவராத நூலின் கோப்பை நான் யாருக்கும் அனுப்ப முடியாது. அதனால் கோப்பைப் பாதிபாதியாகப் பிரித்து, விழவைக்கும் ஒரே பக்கத்தைக் கண்டுபிடித்து, உரிமையாளரின் ஒப்புதலோடு அந்தப் பக்கத்தை மட்டும் அனுப்புவேன்.

தங்கள் நாளிதழ் சொல்வதை அப்படியே செய்துபார்க்கும் வாசகர்கள் ஏராளம். ஆகவே, அழிப்பதற்கு முன் கோப்புறையின் பெயரை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள் என்ற திருத்தத்தை, அந்தப் பதில் வந்த அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மெய்ப்புத் திருத்தும் வாசகி ஒருவர்