வலியை எங்கள் தந்தையிடமே கேட்டறிந்த 108 ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கு நன்றி

திண்டிவனம் பகுதி 108 ஆம்புலன்ஸின் மருத்துவ உதவியாளர் அவர்களுக்கும், பைலட் (ஓட்டுநர்) அவர்களுக்கும், செஞ்சி சாலையில் உடனிருந்து உதவிய அனைவருக்கும் வணக்கம்.

இருசக்கர வாகனம் சறுக்கி விழுந்து வலது தொடை எலும்பு முறிந்த எங்கள் தந்தைக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். அங்குள்ள மருத்துவர்களுக்கு நேரிலேயே நன்றி கூறிவிட்டோம். மருத்துவமனை சேரும் முன்பே அவருடைய வலியைத் தணித்த உங்களுக்குக் கூற வாய்ப்புக் கிடைக்காததால் இம்மடலை எழுதுகிறோம்.

பதற்றத்தில் சிலர் தந்தையைக் கைகாலைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் ஏற்ற முனைந்தபோது, காலை அசைக்கக் கூடாது என்று தடுத்து 108-ஐ அழைத்தவர் அங்கிருந்த தேநீர்க் கடைக்காரர். விபத்தில் நல்லெண்ணத்துடன் உதவுவோருக்கு 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் பாதுகாப்பு அளித்திருந்தும், காவல் நிலைய அலைச்சலுக்கு அஞ்சி ஒதுங்குவோர் இன்றும் உண்டு. அவர் ஒதுங்கவில்லை.

மருத்துவ உதவியாளர் அவர்களே, மூச்சு, நாடி, இரத்த அழுத்தம், நினைவு ஆகியவற்றைப் பார்த்து, தலையிலும் கழுத்திலும் அடி இல்லை என்று உறுதி செய்துகொண்ட பின், “வலியே இல்லை என்றால் பூச்சியம், தாங்கவே முடியாது என்றால் பத்து, இப்போது எவ்வளவு ஐயா?” என்று தந்தையிடம் கேட்டீர்கள். அவர் எதையும் தாங்கிக்கொள்வார் என்று நாங்கள் முந்திக்கொண்டு சொன்னதை மரியாதையாக நிறுத்திவிட்டு, அவர் வாயிலிருந்து வரும் விடைக்காகக் காத்திருந்தீர்கள். முகத்தில் பெரிதாக எதையும் காட்டாத மனிதர், ஒன்பது என்றார். முகத்தையோ நாடித் துடிப்பையோ மட்டும் வைத்து வலியை அளந்துவிட முடியாது என்பது எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது.

தொடைத் தசைகள் இறுகி முறிந்த எலும்பு முனைகளை இழுப்பதால், ஆதரவின்றித் தூக்கினால் வலியோடு உள் இரத்தக்கசிவும் கூடும் என்று விளக்கியபடியே, கால் அசையாமல் தாங்கும் சிம்பு வைத்துக் கட்டினீர்கள். கட்டுவதற்கு முன்னும் பின்னும் பாதத்தில் நாடியையும் விரல்களில் உணர்ச்சியையும் சோதித்தீர்கள். கட்டிய மாத்திரத்தில் ஒன்பது ஏழானது. மருந்து ஒவ்வாமை உண்டா என்று விசாரித்து, கட்டுப்பாட்டு மைய மருத்துவரிடம் தொலைபேசியில் ஆலோசித்து, சிரை வழியாகப் பாராசிட்டமால் ஏற்றத் தொடங்கிய பிறகே ஸ்ட்ரெச்சருக்கு மாற்றினீர்கள். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைக் கடக்கும்போது மறுபடி கேட்டீர்கள், நான்கு என்றார். வலியைத் தணித்தால் மருத்துவரால் நோயைக் கண்டறிய முடியாது என்று எங்கள் ஊரில் இன்றும் சொல்வார்கள். ஆனால், வலி தணிந்ததால்தான் விழுந்த விதத்தையும் தாம் உட்கொள்ளும் சர்க்கரை மாத்திரைகளையும் தந்தையால் தாமே தெளிவாகச் சொல்ல முடிந்தது.

ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னதாகக் குரல் கொடுத்து, வண்டியை ஏறக்குறைய நிறுத்தியே ஏற்றி இறக்கிய பைலட் அவர்களுக்கும், கொடுத்த மருந்தின் அளவு, நேரம், மூன்று வலி எண்கள் ஆகியவை எழுதப்பட்ட தாளை முழுதும் படித்துவிட்டு அடுத்த ஊசியின் நேரத்தை முடிவு செய்த அவசரப் பிரிவுச் செவிலியருக்கும் எங்கள் நன்றி உரியது.

இம்மடலின் படி ஒன்றை மாவட்ட 108 அலுவலகத்துக்கும் அனுப்பியுள்ளோம். அதை இருவரின் பணிப்பதிவேட்டிலும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
மகனும் மகளும்