அமெரிக்காவின் லூயிவில்லிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். அப்பாவுக்கும் படித்துக் காட்டு.

இங்கே குளிர் விட்டுவிட்டது. கேழ்வரகு மாவு கிடைத்தது, களி கிண்டினேன். உன் பதம் வரவில்லை.

போன ஞாயிறு, என்னோடு வேலை செய்யும் கறுப்பினப் பெரியவர் ஒருவரும் நானும் ஒரு படத்துக்குப் போனோம். குத்துச்சண்டை கற்றுக்கொள்ளும் பையனின் கதை. அவன் அண்ணனைச் செய்யாத குற்றத்துக்குப் போலீஸ் பிடித்துப் போய்விடுகிறது. அதற்கப்புறம் அந்தப் பையன் சிரிக்கவே இல்லை. படம் முடிந்து விளக்குப் போட்டும் பெரியவர் எழுந்திருக்கவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் பேசினார். பேசியதெல்லாம் முகமது அலியைப் பற்றி.

அலி பிறந்தது இந்த ஊரில்தான் அம்மா, 1942-ல். அப்போது பெயர் கேசியஸ் கிளே. 1954-ல், 12 வயதில், அவருடைய சைக்கிள் திருடு போனது. திருடியவனை உதைப்பேன் என்று அவர் கொதித்தபோது, ஜோ மார்ட்டின் என்ற போலீஸ்காரர், முதலில் சண்டை போடக் கற்றுக்கொள் என்று தன் ஜிம்முக்கு அழைத்தார். ஆறே வருடத்தில் ரோம் ஒலிம்பிக்கில் தங்கம். இதெல்லாம் அப்பா முஷ்டியை மடக்கிக் காட்டிச் சொன்ன கதைதான்.

அப்பா சொல்லாததையும் பெரியவர் சொன்னார். சின்ன வயதில் அலிக்கு ஒரு கடையில் குடிக்கத் தண்ணீர் தர மறுத்தார்களாம், தோல் நிறத்தைப் பார்த்து. அவர் அம்மாவே பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார். 1955-ல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுப் பையனை வெள்ளைக்காரர்கள் அடித்து, சுட்டுக் கொன்றார்கள். வழக்கில் அவர்களுக்கு விடுதலை. அலிக்கு அப்போது 13 வயது.

தண்ணீர் என்றதும் எனக்கு நம் வாசல்தான் வந்தது. என்னோடு சைக்கிளில் டபுள்ஸ் வருவானே, காலனிப் பையன், அவன் தாகம் என்று நின்றால் நீ சொம்பை உயரத் தூக்கி ஊற்றுவாய். அவன் குனிந்து இரண்டு கையிலும் ஏந்திக் குடிப்பான். நான் திண்ணையில் டம்ளரோடு உட்கார்ந்திருப்பேன். 2012 நவம்பரில் நம் தருமபுரியில், நாயக்கன்கொட்டாய் பக்கம், தலித் மக்களின் நத்தம் காலனியை எரித்த மறுவாரம் அவன் பள்ளிக்கு வந்தான். பக்கத்தில் போய் உட்காரக்கூட எனக்குத் தைரியம் இல்லை. பெஞ்ச் மாறி உட்கார்ந்தேன். அவன் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை.

உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை அம்மா. உனக்கு யாரும் வேறு மாதிரி சொல்லித் தரவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது, நான் வாயைத் திறக்கவில்லை.

அவன் இப்போது பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி லோடு ஓட்டுகிறான் என்று தம்பி சொன்னான். நம்பர் வாங்கி அனுப்பச் சொல். பொங்கலுக்கு வரும்போது அவனை வீட்டுக்குக் கூப்பிடப் போகிறேன், வாசலுக்கு அல்ல. நீயே அவன் கையில் டம்ளரைக் கொடு அம்மா.

உன் மகன்